எழுபத்திரண்டு சுற்று

1977 ஆவணியிலிருந்து செங்கம் ரோடு கலீல் ரஹ்மானின் மோட்டார் சைக்கிள், மலை இடப்பக்கம் இருந்தால் ஓடாது. வலப்பக்கம் இருந்தால் ஓடும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தப்பு முழுக்க அவருடையது.

அவர் மனைவி ரசியா பேகம் பிரசவம் பார்க்கும் நர்ஸ். சந்து பொந்தெல்லாம் நுழைய வேண்டிய வேலை. அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்: "லேசா ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டி போதுங்க. தொட்டா ஸ்டார்ட் ஆவணும், சந்துல திரும்பணும்." கலீல் கேட்டால்தானே! தடதடக்கும் சத்தத்தில் மயங்கி, முந்நூற்றைம்பது சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்குப் பதிந்துவிட்டு நாலு வருஷம் காத்திருந்தார். வேலூர் ரோட்டில் எண்பதில் பறக்க வேண்டிய வண்டி அது. வேலூரில் அவருக்கு ஒரு ஜோலியும் கிடையாது.

புது இஞ்சினை ஆயிரம் கிலோமீட்டர் வரை நாற்பதுக்கு மேல் விரட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படிப் பழக்குவதற்கு மலை சுற்றும் கிரிவலப் பாதையை விட்டால் இந்த ஊரில் வேறு ஏது? சுற்றுக்குப் பதினாலு கிலோமீட்டர். எழுபத்திரண்டு சுற்று சுற்றினார், ஊரே சுற்றுகிற திசையில், மலை வலப்பக்கம் இருக்க. ஒரு தடவையாவது எதிர்த்திசையில் திருப்பிப் பார்த்தாரா? இல்லை. இஞ்சின் கற்றுக்கொண்டது.

காஞ்சி ரோட்டுச் சந்திரகலாவுக்குத் தலைப்பிரசவ வலி கண்ட காலையில்தான் விஷயம் வெளிப்பட்டது. டவுன் வழியாகப் போனால் மூன்றே கிலோமீட்டர். ஆனால் மலை இடப்பக்கம். வண்டி அசையவில்லை. "இதோ, இதோ" என்று கலீல் முக்கால் மணி நேரம் உதைத்தார். கடைசியில் கோபத்தில் வண்டியை மேற்கே திருப்பினார். உடனே கிளம்பி, இருவரையும் மலையைச் சுற்றிக் கொண்டுபோய் விட்டது. அதற்குள் குழந்தை, கொடி சுற்றி, போய்விட்டது. ரசியா நாற்பது நாள் புருஷனிடம் பேசவில்லை.

மெக்கானிக் ராமதாஸ் மூன்று முறை இஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். "கோளாறு ஒண்ணும் இல்ல பாய். ஊர்ப் பழக்கம் புடிச்சிக்கிச்சு. இன்னா பண்றது?" விற்கவும் வழியில்லை. ஒரு பக்கம் மட்டும் போகிற வண்டியை எந்தப் பைத்தியக்காரன் வாங்குவான்?

1979இல் சந்திரகலா மறுபடி முழுகாமல் இருந்தாள். ரசியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இந்தத் தடவ நீங்க இல்லாம நான் பெத்துக்க மாட்டேன்" என்றாள். வலி கண்டதாக ஆள் வந்தபோது கலீல் கடைத்தெருவில் இருந்தார். "அந்தச் சனியன நம்பி ஒரு உசுரு போனது போதும்" என்று ரசியா பிரசவப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனார்.

நேரத்தோடு போய்ச் சேர்ந்தும் என்ன? குழந்தையின் தலை தெரிந்தது, அப்படியே நின்றுவிட்டது. ஒரு மணி நேரம். ரெண்டு. சந்திரகலாவுக்கு முக்கவும் தெம்பில்லை. குழந்தையின் நாடித் துடிப்பு கம்மியாகிக்கொண்டே போனது. அப்போது தூரத்தில் தடதடவென்று சத்தம். வீட்டில் பையைக் காணோம், பிரசவத்துக்குத்தான் போயிருப்பாள் என்று கலீல் மலையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். வண்டி வாசலில் வந்து நின்றதும் குழந்தை வீலென்று வெளியே வந்தது. பெண். ரசியா கொடியறுத்துவிட்டு வாசலுக்கு வந்து, யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அழுதார்.

அன்று முதல் காஞ்சி ரோட்டில் அந்தச் சத்தம் கேட்காமல் ஒரு குழந்தையும் பிறந்ததில்லை.

1982இல் ரசியா தன் சம்பளத்தில் ஐம்பது சிசி மொபெட் ஒன்று வாங்கினார். நாலு மிதியில் ஸ்டார்ட் ஆகும், சந்தில் திரும்பும், மலை எந்தப் பக்கம் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. காஞ்சி ரோட்டிலிருந்து ஆள் வந்தால் இருவரும் சேர்ந்தே கிளம்புவார்கள்; அந்த அம்மாள் கிழக்கே, அவர் மேற்கே. ரசியா போய்க் கை கழுவிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வார்:

"அவரு இப்ப மலைக்குப் பின்னால அடி அண்ணாமலை தாண்டியிருப்பாரு. வெந்நி வைங்க."