கூட்டறிக்கையின் நான்காம் பத்தி

அறுபத்து மூன்று மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, கிள்ளானில் நூர் முகமதுவின் கிடங்கில் மூட்டைகளைக் குத்தி எடுத்த காய்ந்த மிளகாய், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் ஷா ஆலாமில் நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்குள் போனது. இடையில் அது ஒரு காகிதப் பையில், என் காரின் பின்பெட்டியில் கிடந்தது. அந்த இரண்டு நாளும் பின்பெட்டியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. என் அறிக்கையில் மாதிரி எடுத்த தேதி இருக்கிறது. சோதித்த தேதி இருக்கிறது. நடுவில் அது எங்கே இருந்தது என்ற வரி இல்லை. மூன்று மாதமாக யாரும் அதைக் கேட்கவில்லை.

மிளகாய் தம்புசாமி அங்கிளுடையது. கிள்ளானில் மசாலா மில் வைத்திருக்கிறார். கிடங்குக் கூரை ஒழுகி மிளகாய் பூஞ்சை பிடித்துவிட்டது என்கிறார் அவர். காய வைத்திருந்தால் அரைத்திருக்கலாம், அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிட்டார் என்கிறார் நூர் முகமது. பதினோரு வருடப் பழக்கம். நீதிமன்றம் போனால் பழக்கமும் போய்விடும் என்று இருவரும் ஒரு நடுவரிடம் வந்திருந்தார்கள். அவருக்காக நான் சோதித்துச் சொன்ன பூஞ்சை எண் அனுமதித்த அளவைத் தாண்டியது. அதை நம்பித்தான் அங்கிள் மூட்டைகள் அத்தனையையும் குப்பைமேட்டுக்கு அனுப்பினார். அனுப்புவதற்கு முன், நான் மாதிரி எடுத்த நான்காம் நாள், நூர் முகமதுவின் சார்பாக இன்னொரு நிபுணர் வந்து அதே மூட்டைகளில் மாதிரி எடுத்திருந்தார். அந்த எண் அளவுக்குள் இருந்தது. அந்த நிபுணர் ஜனகா.

நடுவர் விநாயகமூர்த்தியின் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், மூன்றாம் மாடியில் இருந்தது. லிப்ட் வாசலில் போட்டிருந்த பெஞ்சில் எதிரிகள் இருவரும் ஒரே பொட்டலத்தில் வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

"பாய், ஒங்க கூரையில ஒழுகாத எடம் ஒண்ணு காட்டுங்க. இப்பவே கேஸ வாபஸ் வாங்கிக்கிறேன்."

"மொதல்ல வடைய கீழ வையி தம்பு. அது என் காசுல வாங்குன வடை லா."

தம்புசாமி அங்கிள் சிரித்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "தாமரை, ஒன் நம்பர நம்பித்தாம்மா எல்லாத்தையும் தூக்கிப் போட்டேன். இதுல தோத்தா மில்லு ஓடாது. பாத்துக்க."

தலையாட்டினேன். எனக்கு அதற்கு மேல் வராது.

சின்ன அறையில் ஜனகா முன்பே வந்திருந்தாள். எழுந்து வந்து கட்டிப்பிடித்தாள். அவளிடம் இன்னும் அதே சோப்பு வாசனை. நாங்கள் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் ஒரே மேசையில் வேலை செய்தவர்கள். அவளுடைய அப்பா அரசு மருத்துவமனையில் டாக்டர். தாத்தா ரயில்வேயில் அதிகாரி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர்கள் வீட்டில் எல்லாரும் பேசத் தெரிந்தவர்கள். என் அப்பா லோரி ஓட்டினார். எங்கள் வீட்டில் தொலைக்காட்சிதான் பேசும். இறுதி ஆண்டு ஆய்வில் கண்ணாடித் தட்டுகளில் முளைத்த பூஞ்சைப் புள்ளிகளை நான் எண்ணினேன், அவள் பேசினாள். நானூறு தட்டுகள். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் அவளைப் பாராட்டியபோது, "எண்ணுனது தாமரை சார். அவ எண்ணுனா தப்பே இருக்காது" என்றாள். அறை கைதட்டியது. எனக்காக அல்ல, அவளுடைய நேர்மைக்காக. பரிசும் அவளுக்குத்தான் போனது. அவள் என்னைத் திட்டியிருந்தால், மறைத்திருந்தால், நான் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்குக்கூட அவள் இடம் கொடுக்கவில்லை.

"ஏய், ஆபீஸ் ஓப்பனிங்குக்கு ஏன் வரல? ஒனக்காக கேக் எடுத்து வச்சிருந்தேன் தெரியுமா?"

"அன்னிக்கி கிள்ளான்ல வேல," என்றேன்.

அவள் அலுவலகம் இந்தத் தெருவிலேயே எதிர்ப்பக்கம் இருந்தது. ஜன்னலிலிருந்து பெயர்ப்பலகை தெரிந்தது. பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம். கீழே பூக்கடை, அதன் எதிரில் வண்டி நிறுத்தக் கூடாத மஞ்சள் கோடு. நான் ஜன்னலுக்கு முதுகு காட்டும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

விநாயகமூர்த்தி சார் கதவைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தார். "ஒங்கள யாரு கூப்ட்டா, யாரு பீஸ் குடுத்தா, எல்லாத்தையும் மறந்துடுங்க. இந்த ரூமுக்குள்ள ரெண்டு பேரும் என் ஆளுங்க. வக்கீல் வர மாட்டாரு. பேசறது எதுவும் வெளிய போகாது. ஒரு மணிக்கு ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட பேப்பர் மட்டும் என் மேசைக்கு வரணும். எதுல ஒத்துப்போறீங்க, எதுல இல்ல. அவ்ளோதான்." போகத் திரும்பியவர் நின்றார். "அடுத்த வருஷம் இதெல்லாம் ஸ்கிரீன்லதான். அப்ப டீ கெடைக்காது லா. இப்பவே குடிச்சிக்குங்க."

திரையாக இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். கேமராவை அணைத்துக்கொண்டிருப்பேன்.

முதல் மூன்று பத்திகள் அரை மணி நேரத்தில் முடிந்தன. மூட்டைகளின் எண்ணிக்கை, ஈரப்பதம், சோதனை முறை. எல்லாவற்றிலும் ஒத்துப்போனோம். ஜனகா தட்டச்சு செய்தாள். அவள் விரல்கள் நிற்காமல் ஓடின. நான் ஒரு வாக்கியம் யோசிப்பதற்குள் அவள் அதை முடித்திருப்பாள், நான் சொல்ல நினைத்ததைவிட நன்றாக. நான்காம் பத்திதான் மிச்சம். இரண்டு எண்களும் ஏன் வேறுபடுகின்றன?

அவள் என் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டாள். வெகுநேரம் படித்தாள். இப்போது கேட்பாள் என்று காத்திருந்தேன். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே விரல் வைப்பாள். அவளால் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

பார்த்தாள். "வெள்ளிக்கெழம எடுத்தது, திங்கக்கெழம டெஸ்ட். வீக்கென்டு லேப்ல குளிர்ல இருந்திருக்கும். அது பரவால்ல." தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள். பிறகு நிமிர்ந்தாள். "தாமரை, தப்பு என் பக்கம்னு நெனக்கிறேன்."

"என்ன தப்பு?"

"நான் வெளி அடுக்குல இருந்த மூட்டையில அதிகமா எடுத்துட்டேன். அது காத்துல காஞ்சிருக்கும். நீ உள்ள போயி எடுத்திருப்ப. நீ அப்படித்தான் செய்வ. அதுவுமில்லாம எண்ணுனது நீ." தோளைக் குலுக்கினாள். "கிடங்கோட உண்மையான நெலம ஒன் நம்பர்லதான் இருக்குன்னு எழுதிடுறேன். பாய் என்னய திட்டுவாரு. திட்டட்டும்."

அவள் அந்த வரியைத் தொடங்கினாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு எழுத்தாக வந்தது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஜனகாவை நான் ஜெயிக்கப் போகிறேன். தம்புசாமி அங்கிளின் மில் ஓடும். எனக்குப் பதவி உயர்வு வரலாம். இந்த அறிக்கையில் அவள் பெயருக்கு மேல் என் பெயர் நிற்கும். சில வினாடிகள் நெஞ்சு நிறைந்து, மூச்சுவிட இடமில்லாத மாதிரி இருந்தது.

பிறகு அந்த நிறைவு புளித்தது. இதையும் அவள்தான் கொடுக்கிறாள். என் எண் சரியென்று அவள் சொன்னதால்தான் அது சரியாகிறது. அதே வாய்மொழித் தேர்வு, அதே கைதட்டல். கீழே இறங்கியதும் எல்லாரும் பேசுவார்கள், அந்தப் பிள்ளை எவ்வளவு பெருந்தன்மையாகத் தன் தவறை ஒத்துக்கொண்டாள் பார் என்று. செய்யாத தவறுக்கும் அவளுக்குப் பெயர் கிடைக்கும். நான் செய்த தவறுகூட எனக்கு மிஞ்சாது.

என் எண் கிடங்கினுடையதா, என் காரினுடையதா என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு எண்ணியபோது புள்ளிகளில் பிழை இல்லை. இரண்டு முறை எண்ணினேன். ஆனால் எதை எண்ணினேன்?

மோனோரயில் ஒன்று கடந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"ஜனகா, அத எழுதாத."

அவள் விரல்கள் நின்றன.

"சேம்பிள் அந்த வீக்கென்டு லேப்ல இல்ல. திங்கக்கெழம காலையிலதான் கொண்டு போனேன். அது வரைக்கும் என் காடியில, பின்னால பூட்ல கெடந்துச்சு. அறுபத்து மூணு மணி நேரம்."

அவள் கோபப்படவில்லை. ஆச்சரியம்கூடப் படவில்லை. லேப்டாப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முன்னால் குனிந்தாள். தட்டில் எதிர்பாராத நிறத்தில் ஏதாவது முளைத்தால் இப்படித்தான் குனிவாள். பக்கத்தில் நான் நிற்பேன். அந்த மேசையில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"சீல் பண்ண பையா?"

"காயிதப் பை."

"காடி வெயில்லயா நின்னுச்சு?"

"எங்க வீட்டு வாசல்ல. வெயிலும் மழையும்."

"லேப் ஆறு மணி வரைக்கும் தொறந்திருக்கும்ல? கிள்ளான்லேர்ந்து அர மணி நேரம்தான்."

"ஆமா."

கடிகாரத்தில் ஒரு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. வெளியே தம்புசாமி அங்கிளின் சிரிப்பு கேட்டது. அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"காத்துல இருந்து ஈரம் ஏறியிருக்கலாம்," என்றாள் ஜனகா. பேனாவை எடுத்துக் காகிதத்தில் ஒரு கட்டம் வரைந்தாள். காரின் பின்பெட்டி. அதற்குள் ஒரு சின்ன கட்டம், பை. "நம்பர தூக்கிப் போட வேணாம். எவ்ளோ ஏறியிருக்கும்னு கணக்கு போட்டு பாக்கலாம். பூட்ல வேற ஏதாவது இருந்துச்சா?"

நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். பூக்கடைக்காரர் சாமந்திச் சரங்களுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் கோட்டின் மேல் ஐஸ் லோரி ஒன்று நின்றது. அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டித் தார்ச்சாலை கறுத்திருந்தது.

"அந்த வெள்ளிக்கெழம ஒன் ஓப்பனிங்குக்கு நான் வந்தேன்," என்றேன். என் குரல் கண்ணாடியில் பட்டுத் திரும்பியது. "அதோ, அந்த லோரி நிக்கிற எடத்துல. எட்டு மணி வரைக்கும் காடிய விட்டு எறங்கல. மேல நீங்க எல்லாம் சிரிக்கிறது கேட்டுச்சு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"பூட்ல ஒரு பூந்தொட்டி இருந்துச்சு ஜனகா. ஈர மண்ணு. ஒனக்கு வாங்குனது."