ஐந்நூற்றுப் பன்னிரண்டு பிட் பாதுகாப்பு

2012 மார்ச் மாதம், கடலூரில் ரத்தப் பரிசோதனை லேப் நடத்திவந்த ஞானசேகரன் சென்னைக்கு ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்தார். போகும்போது அவருக்கு என்க்ரிப்ஷன் என்ற சொல் தெரியாது. திரும்பியபோது வேறு சொல் எதுவும் அவர் வாயில் வரவில்லை.

அவருக்குச் சிதம்பரத்தில் ஒரு கிளை உண்டு. அங்கே எடுக்கும் ரத்தம் பஸ்ஸில் கடலூர் வரும். முடிவுகள் கடலூர் சர்வரில் ஏறும். சிதம்பரத்தில் வரவேற்பு மேசையில் இருக்கும் அல்மாஸ், புட்டி என்கிற மென்பொருள் வழியாக அந்தச் சர்வருக்குள் லாகின் செய்து ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கொடுப்பாள். ஆறு வருஷமாக இந்த ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்டவள் கார்த்யாயினி. பதவி சிஸ்டம் அட்மின். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும், ஃபேன் சுற்றாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"நம்ம லாகின்ல எத்தன பிட்டு போட்டிருக்க?" என்றார் ஞானசேகரன்.

"என்க்ரிப்ஷன் 256 சார். நடுவுல யாரும் படிக்க முடியாது. நடுவுல யாராச்சும் மாத்திட்டாங்களான்னு பாக்கத் தனியா ஒரு முத்திர போவும். மேக்குன்னு பேரு. அது 160."

"செமினார்ல 512ன்னு சொன்னாங்க. நாம என்ன கொறச்சலா? 512 மட்டும் வை. மத்ததெல்லாம் எடுத்துடு."

"முத்திரய 512 ஆக்கினா சர்வர் ஒத்துக்கும் சார், புட்டி ஒத்துக்காது. அதோட புது வெர்ஷன்லகூட 512 இல்ல. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே முத்திர தெரிஞ்சாத்தான் லாகின் ஆவும். 160யும் கூட இருக்கட்டும், அதுல ஆபத்து ஒண்ணும் இல்ல."

"பெரிய பூட்டா போட்டுட்டு, பின்கதவ தொறந்து வச்சிருப்பியா நீ?"

வியாழக்கிழமை தரச் சான்றிதழுக்காக ஆய்வாளர் வருகிறார். 'தமிழகத்திலேயே முதன்முறையாக 512 பிட் பாதுகாப்பு' என்று ஃபிளெக்ஸ் பேனர் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. கார்த்யாயினி சர்வரின் முன்னால் உட்கார்ந்து, முத்திரைகள் இருந்த வரியில் 512ஐ மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நீக்கினாள். பத்து நிமிஷத்தில் அல்மாஸ் கூப்பிட்டாள்.

"அக்கா, மேக் ஒத்துப்போவலன்னு என்னமோ வருது. இங்க முப்பது பேரு நிக்கிறாங்க."

ஞானசேகரன் யோசித்தார். "ஃபோன்ல படிச்சிக் காட்டு. அவ எழுதிக்கட்டும். வியாழன் வரைக்கும்தானே."

உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டராலும் உடைக்க முடியாத அந்த ரிப்போர்ட்டுகள் அன்று முதல் சத்தம்போட்டு வாசிக்கப்பட்டன. எழுதுவதற்குக் கை வேண்டும் என்பதால் அல்மாஸ் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள். யாருக்குக் கொழுப்பு, யாருக்குக் குழந்தை என்பதெல்லாம் வராந்தா முழுக்கத் தெரிந்தது. மஞ்சள்காமாலை என்று வந்த ஒருவருக்கு, அவர் எழுந்து வருவதற்குள் மூன்று பேர் கீழாநெல்லி சிபாரிசு செய்தார்கள்.

திங்கட்கிழமை கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. "சடையப்பன், சர்க்கர, டோக்கன் நம்பர் மூணு, நூத்திப் பத்து" என்று கார்த்யாயினி படித்தாள். அந்த இரைச்சலில் மூணும் நூத்திப் பத்தும் ஒட்டிக்கொண்டு, சிதம்பரத்தில் அது முந்நூற்றுப் பத்து என்று விழுந்தது. அல்மாஸ் அப்படியே எழுதி, சீல் குத்திக் கொடுத்தாள்.

சடையப்பன் நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அந்தச் சீட்டைப் பார்த்த டாக்டர் சர்க்கரை மாத்திரை எழுதினார். அதைப் போட்டுக்கொண்ட சடையப்பன் புதன்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சோதித்தபோது சர்க்கரை நாற்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது.

வியாழக்கிழமை அவரும் மனைவி தர்மாம்பாளும் கடலூருக்கே வந்துவிட்டார்கள். உள்ளே ஆய்வாளர் முந்திரி சாப்பிட்டபடி 512ஐப் பாராட்டிக்கொண்டிருந்தார். தர்மாம்பாள் சீட்டை மேசையில் வைத்தாள்.

"இவுரு செத்திருந்தா யாரு பதில் சொல்றது?"

கார்த்யாயினி சர்வரில் பார்த்தாள். நூற்றுப் பத்து என்றுதான் இருந்தது. தான் ஃபோனில் படித்தது மாறி விழுந்துதான் அந்த மனிதரைச் சாய்த்திருக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்குக் கை ஓடவில்லை.

ஞானசேகரனுக்கு மட்டும் வாய் ஓடியது. "யாரோ ஹேக் பண்ணிட்டாங்க சார். நம்ம வளர்ச்சி பிடிக்காதவங்க."

"ஹேக்கெல்லாம் பண்ணலீங்க," என்றார் சடையப்பன். "ஸ்பீக்கர்ல சொன்னாங்க. நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

ஆய்வாளர் முந்திரியைக் கீழே வைத்தார். "ரிப்போர்ட் சிதம்பரத்துக்கு எப்படிம்மா போவுது?"

ஞானசேகரன் அவளை முறைத்தார். கார்த்யாயினி சடையப்பனைப் பார்த்துச் சொன்னாள்: "அஞ்சாறு நாளா ஃபோன்ல சார். நான்தான் படிச்சேன்."

சான்றிதழ் ஆறு மாதம் தள்ளிப்போனது. அலுவலக ரகசியத்தை வெளியாரிடம் சொன்னதற்காகக் கார்த்யாயினிக்கு மெமோ வந்தது. வேலையை விட்டு அனுப்பத்தான் ஞானசேகரனுக்கு ஆசை. ஆனால் அந்தச் சர்வருக்குள் போகத் தெரிந்த இன்னொரு ஆள் லேபில் இல்லை.

யாரையும் கேட்காமல் அவள் 160ஐத் திரும்பச் சேர்த்தாள். இரண்டு நிமிஷ வேலை. அல்மாஸ் முதலில் அச்செடுத்தது சடையப்பனின் ரிப்போர்ட்டைத்தான். வாங்கிப்போக அவர் வரவில்லை. வேறு லேபுக்குப் போய்விட்டார்.