காது வைக்காத முகம்

போர்டு எழுதுகிறவர் வாசலில் ஏணியைச் சாய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கடைக்குட்டி தன் குடும்பத்தைக் கல்லா மேசையில் முகம் முகமாகப் பரப்பிக்கொண்டிருந்தாள். எல்லாம் கடைச் சாமான்தான். இரும்புக்கடையில் வேறென்ன கிடைக்கும்?

பெரியண்ணனுக்கு மூக்கும் வாயும் சேர்த்து ஒரே குழாய். வாஷர் போன குழாய், ஒழுகினால் நிற்காது. சின்னண்ணனுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். அவன் அதைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. அப்பாவுக்குக் கண் இரண்டும் பூட்டு, மீசைக்குப் பெயின்ட் பிரஷ், நாக்குக்கு உப்புத்தாள்.

வயிற்றெரிச்சல்தான். படிப்பு முடிந்த நாளிலிருந்து கடையைத் திறப்பதும் பூட்டுவதும் அவள். போர்டில் அப்பா பெயருக்குக் கீழே இன்று ஏறப்போவதோ 'மகன்கள்'. ஆணிக்கும் திருகாணிக்கும் வித்தியாசம் கேட்டால் முழி பிதுங்குகிற மகன்கள்! தன்னையும் சேர்க்கச் சொல்லி அப்பாவிடம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசிப் பார்த்துவிட்டாள்.

அண்ணன்கள் ஒருவன் முகத்தை இன்னொருவன் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கையில் அப்பா வந்தார். சிரிப்பு அடங்கியது.

"மீசை நல்லாத்தான் இருக்கு. காது எங்கம்மா?"

"இருந்தா வச்சிருக்க மாட்டேனாப்பா?"

அப்பா கோபப்படவில்லை. பெட்டியிலிருந்து இரண்டு கீல்களை எடுத்துப் பக்கத்துக்கொன்றாக வைத்தார்.

"வச்சாச்சு. சொல்லு."

"போர்டுல என்னையும் சேத்து எழுதச் சொல்லுங்க. கடையை நான்தானே பாக்கறேன்?"

அப்பா கீல்களை எடுத்து, ஊதித் துடைத்து, பழையபடி பெட்டியில் போட்டார். "விக்கிற சாமானை வச்சு விளையாடாதே."

அந்நேரம் பார்த்து ஒரு பிளம்பர் ஓடிவந்தார். "வீடு பூரா தண்ணிங்க! முக்கால் இஞ்சு வால்வு ஒண்ணு, சீக்கிரம்!"

பெரியண்ணன் யோசித்து யோசித்து ஒரு தாழ்ப்பாளை நீட்டினான். சின்னண்ணன் தலையைக் கோதிக்கொண்டான்.

"வால்வு எங்கம்மா இருக்கு?" என்றார் அப்பா.

கடைக்குட்டி பிரஷ் மீசையை நீவிக்கொண்டிருந்தாள்.

"உன்னைத்தான்! காது கேக்கலையா?"

கேட்கவில்லை. அப்பாவின் கத்தலில் ஏணி மேலிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு மட்டும் கேட்கவில்லை.

"எதிர்க்கடையில பாத்துக்கறேன்," என்று பிளம்பர் படியிறங்கினார். அப்பா பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். பிடித்தபடியே அண்ணாந்து, "தம்பி, நிறுத்துப்பா! மகளையும் சேத்து எழுது!" என்று அலறினார்.

அது மட்டும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"மேல் தட்டு, நீல டப்பாப்பா," என்றாள்.