மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல்

யோங் பெங் ஊரில் ஜமாலின் சாப்பாட்டுக் கடை இரண்டு பெருநாளுக்கு மட்டும்தான் மூடும். மற்றபடி வானமே இடிந்து விழுந்தாலும் திறந்திருக்கும் என்று அவர் மனைவி சபீதா அலுத்துக்கொள்வாள். அப்பேர்ப்பட்ட மனிதர் பள்ளி விடுமுறையில் சனி, ஞாயிறு கடையை அடைத்துவிட்டுக் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் கிளம்பினார் என்றால் அக்கம்பக்கத்தார் வாயைப் பிளக்காமல் என்ன செய்வார்கள்?

உல்லாசமெல்லாம் பேருக்குத்தான். அவருக்கு மகன் திரும்பி வர வேண்டும். உபைத் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, பகலில் சிங்கப்பூரில் வேலை, மிச்ச நேரமெல்லாம் நாடகம் என்று இருந்தான். அவனே எழுதி, அவனே நடிக்கும் நாடகம் அந்த இரண்டு நாளும் ஜொகூர் பாருவிலேயே மேடையேறியது. கூலாயில் ஆசிரியையாக இருக்கும் மூத்த மகள் ஷஹீராதான் திட்டம் போட்டாள். சனிக்கிழமை மாலை நாடகம், ஞாயிறு காலை பூலாய் மலை. மலைக்குத் தம்பியும் வருகிறேன் என்றிருந்தான்.

சின்ன வயதில் அந்த மலைக்குக் கூட்டிப்போகச் சொல்லி நச்சரித்தவன் அவன். "அடுத்த லீவுக்கு" என்றே ஜமால் அவனுடைய பள்ளிக்கூட வயதை ஓட்டிவிட்டார். இப்போதாவது மலையில் வைத்து, வீட்டுக்கு வந்துவிடு தம்பி என்று கேட்டுவிட வேண்டும். வழியெல்லாம் அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே கார் ஓட்டினார்.

அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மேசையில் ஆர்டர் எடுப்பவர், தே, காப்பி என்று தண்ணி கலக்கும் இடத்தைப் பார்த்துக் கத்துவார். கலக்குபவர் அதையே அப்படியே திருப்பிக் கத்த வேண்டும். திருப்பிச் சொல்லும்வரை அது ஆர்டரே இல்லை. கடை வைத்த நாளிலிருந்து தே கலக்கி நின்ற ஜமால், தூக்கத்தில் யாராவது கூப்பிட்டால்கூடப் பதில் கொடுத்துவிடுவார். உபைத்தும் படிக்கிற காலத்திலிருந்து அங்கே மேசை பார்த்தவன்தான்.

அவன் கிளம்பிய அன்று பையைத் தூக்கிக்கொண்டு கடை நடுவில் நின்று, "அத்தா, நான் போறேன்" என்றான். அன்று மட்டும் ஜமால் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குவளையைப் பார்த்தபடியே தே ஆற்றிக்கொண்டிருந்தார். வீம்பு, வேறென்ன. பஸ் ஏறியிருப்பான் என்று தெரிந்த பிறகுதான் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்.

சனிக்கிழமை மாலை மண்டபம் நிறைந்திருந்தது. திரை விலகியதும் ஜமாலுக்குக் கண் விரிந்தது. மேடையில் அவர் கடை! அதே கண்ணாடிப் பெட்டி, அதே குவளைகள், தோளில் துண்டோடு அவர் மகன். எவனை உருப்படாதவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாரோ, அவனை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது அவ்வளவு கூட்டமும். அவருக்குப் பெருமை தாளவில்லை.

கதைப்படி கடைக்காரரான அவன் அத்தா இறந்துபோகிறார். ஜமால் அழுதுவிட்டார், தன் சாவைத்தான் பார்க்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். நாற்பது நாள் துக்கம் கழிந்து மகன் கடையைத் திறக்கிறான். முதல் வாடிக்கையாளர் வந்து உட்கார, பழக்க தோஷத்தில் தண்ணி கலக்கும் இடத்தைப் பார்த்து, "தே ஒண்ணு, சீனி கொறச்சு" என்று குரல் கொடுக்கிறான். அங்கே ஆள் இல்லை. பதில் வராது. அந்த மௌனத்துக்காகத்தான் மொத்த நாடகமும்.

"தே ஒண்ணு, சீனி கொறச்சு!" என்று மூன்றாம் வரிசையிலிருந்து கணீரென்று பதில் வந்தது.

ஜமாலின் வாய்தான். அவரைக் கேட்காமலே திறந்துவிட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. பின்னாலிருந்து யாரோ, எனக்கும் ஒன்று போடுங்கள் மாமா என்று கிண்டல் செய்ய, இன்னும் சிரிப்பு. மேடையில் உபைத் சிலையாக நின்றான். அதற்குமேல் அவன் பேசியது எதுவும் எடுபடவில்லை. ஜமால் வெட்கத்தில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை உபைத் மலையடிவாரத்துக்கு வந்துவிட்டான். சொன்ன சொல்லுக்காக வந்தவன் மாதிரிதான் இருந்தது முகம். சபீதா முட்டிவலி என்று நீர்வீழ்ச்சிப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். ஷஹீரா செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் பின்தங்கினாள். உச்சிவரை தார்ச்சாலைதான் என்றாலும் ஏற்றம் ஏற்றம்தானே. மகன் விறுவிறுவென்று முன்னால் போக, அப்பன் புஸ்புஸ்ஸென்று பின்னால் போனார்.

ஒரு வளைவில் உபைத் நின்றான். ஜமால் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டார். நேற்று நடந்ததற்கு என்னென்னவோ சமாதானம் சொன்னார். பரவாயில்லை என்றான் அவன், கீழே தெரிந்த செம்பனைத் தோட்டத்தைப் பார்த்தபடி. பரவாயில்லை என்கிறவன் முகத்தையாவது பார்க்க வேண்டாமா?

"ஏன் தம்பி, நாடகத்துல அத்தாவ எதுக்கு மவுத்தாக்கின?"

உபைத் இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினான்.

"அன்னிக்கு நான் போறேன்னு சொன்னப்ப நீங்க பதில் சொல்லல. பஸ்ஸுல அதையே நெனச்சுக்கிட்டுப் போனேன். மவுத்தாயிட்டாதான் எங்க அத்தா பதில் சொல்லாம இருப்பாங்கன்னு தோணுச்சு. அதத்தான் எழுதினேன்." பிறகு மெல்லச் சொன்னான். "சொல்ல வேண்டிய அன்னிக்குச் சொல்லல. சொல்லக்கூடாத எடத்துல வந்து சொல்றீங்க."

வீட்டுக்கு வா என்ற சொல் ஜமாலின் வாய்வரை வந்து நின்றது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? விழுங்கிவிட்டார். இன்றைக்கும் நாடகம் உண்டா என்று மட்டும் விசாரித்தார். மூன்று மணிக்கு என்றான்.

"வரவா? சத்தியமா சத்தம் குடுக்க மாட்டேன்."

அவன் சரியென்று தலையசைத்தான். அவ்வளவு நாள் தள்ளிப்போட்ட மலையின் உச்சியைப் பார்க்காமலே இறங்கினார்கள்.

மூன்று மணிக்கு அதே வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் நாற்பது கழிந்து கடை திறந்ததும் கைக்குட்டையை மடித்துப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டார். சபீதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தே ஒண்ணு, சீனி கொறச்சு!"

மண்டபத்தில் ஈ பறந்தாலும் கேட்கும். உபைத் காத்திருந்தான். மறுபடியும் கூப்பிட்டான். பிறகு மேடையின் ஓரத்துக்கு வந்து, குரல் உடைந்து, "அத்தா" என்றான். அது ஆர்டர் இல்லை. ஜமாலுக்கு, என்னய்யா என்று எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. கைக்குட்டையை இன்னும் அழுத்திக் கடித்தார். சுற்றிலும் விசும்பல் கேட்டது. விளக்கு அணைந்தது.

அன்றைக்கு வீம்பில் வாய் திறக்கவில்லை. இன்றைக்குப் பாசத்தில் திறக்கவில்லை. கூப்பிட்டவன் காதுக்கு இரண்டும் ஒன்றுதானே என்று அந்த இருட்டில் அவருக்குத் தோன்றியது. தாங்க முடியாமல் அழுதார்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஆளாளுக்கு உபைத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அவன் இவர்களிடம் வந்தான். அரிதாரம் கண்ணீரில் வழிந்திருந்தது.

"சரியா இருந்தேனா தம்பி?" என்று கேட்டார் ஜமால்.

"சரியா இருந்தீங்க அத்தா." அதற்குமேல் சொல்லத் தெரியாமல், வந்ததற்கு நன்றி என்றான், மற்றவர்களிடம் சொன்ன அதே மரியாதையோடு. அம்மாவைக் கட்டிக்கொண்டான். யாரோ கூப்பிட, போய்விட்டான். வீட்டுக்கு வா என்று ஜமால் கேட்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல் கடை திறந்தது. முதல் ஆள் வந்து உட்கார்ந்ததும் வேலையாள் வீரமுத்து, "தே ஒண்ணு" என்று குரல் கொடுத்தார். ஜமாலின் கை குவளையை எடுத்தது, பாலை ஊற்றியது, ஆற்றியது. வாய் மட்டும் திறக்கவில்லை. வீரமுத்து திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் கூப்பிட்டார்.

கல்லாவில் இருந்த சபீதா கணவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அவள்தான் திருப்பிச் சொன்னாள்.

"தே ஒண்ணு."