மாப்பிள்ளை கொண்டுவந்த டயர்

எங்கள் வீட்டு மாப்பிள்ளை சாதிக் அலி மூன்று வருஷம் கழித்துப் பினாங்கிலிருந்து காரைக்குடிக்கு வந்து இறங்கியபோது, கம்பளி இல்லை, சென்ட் பாட்டில் இல்லை, டார்ச் லைட் இல்லை. வாடகைக் காரின் தலையில் இரண்டு டயர்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். அதைக் கப்பலில் எப்படி ஏற்றினாரோ, நாகப்பட்டினத்தில் எப்படி இறக்கினாரோ, அல்லாவுக்கே வெளிச்சம். கேட்கிற தைரியம் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

சாதிக் அலி என் நாத்தனார் ஜன்னத்துல் பிர்தௌஸின் புருஷன். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டு விருந்தில் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலையில் ஒரு வார்த்தை சொல்லாமல் புறப்பட்டுப் பினாங்குக்குக் கப்பலேறிப் போனவர். ஏன் போனார் என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டில் அவர் பக்கம் கறி குறைந்துவிட்டது, அதுதான் கோபம் என்று வீட்டில் எல்லாருமாகக் கூடி முடிவுகட்டினார்கள். அன்றைக்குப் பரிமாறியவள் நான். பழி யார் தலையில் விழும்? இந்த ஆசியா பீவி தலையில்தான். பிர்தௌஸ் அதற்கப்புறம் அண்ணன் வீடே கதி என்று எங்களோடு இருந்தாள். தெருவில் யாராவது, “மாப்பிள்ளை எப்ப வாராக?” என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

என் வீட்டுக்காரர் அப்துல் மாலிக்கிடம் ஒரு பழைய ஜீப் பிக்கப் இருந்தது. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் இன்ஜின் போட்ட வண்டி. அதன் பின்னால் கம்ப்ரசரைக் கோத்து, கிணறு வெட்டுகிற இடங்களுக்கு இழுத்துக்கொண்டு போவதுதான் அவர் தொழில். எழுபதுகளின் ஆரம்பம் அது. மழை பொய்த்துப்போய், இருக்கிற கிணற்றையெல்லாம் ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கம்ப்ரசர் போய்ப் பாறையில் துளை போட்டால்தான் வெடி வைக்க முடியும். கண்மாய் மணலில் சக்கரம் புதைகிறது, கொஞ்சம் பெரிய டயராகப் போடலாமா என்று இவருக்கு ஒரு யோசனை. டயர்க்கடை சத்தியமூர்த்தியிடம் கேட்டார்.

“ஒரு சைஸ் கூட்டலாம் பாய். அதுக்கு மேல போனா வண்டி ஓடும், ஆனா இழுக்காது. கூட்டுறதுன்னா நாலையும் சேத்து மாத்தணும். முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவுன்னு வச்சுக்கிட்டு நாலு சக்கரமும் இழுக்கிற கியரப் போட்டீகன்னா, ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். உள்ள பல்லு ஒடஞ்சுரும்” என்றார் அவர்.

சரி, நாலு டயருக்குச் சொல்லிவைத்தாயிற்று. அதற்குள் ஊரிலிருந்து போன எந்தப் புண்ணியவானோ, மாலிக் பெரிய டயர் தேடுகிறார் என்று பினாங்கில் போய் ஒப்பித்திருக்கிறான். அதன் பலன்தான் இந்த இரண்டு டயர். அதுவும் ஒரு சைஸ் இல்லை, ரொம்பவே கூடுதல்.

“எப்படி இருக்கு மச்சான்?” என்றார் சாதிக் அலி. முகத்தில் அப்படி ஒரு ஆவல்.

என் வீட்டுக்காரர் டயரைத் தடவிப் பார்த்தார். “பிரமாதம் மச்சான்! மெட்ராசு வரைக்கும் தேடியும் இது கெடைக்கலயே!” என்றார்.

அடுப்படிக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். “ஏங்க, ஒங்களுக்குப் புத்தி பெசகிப்போச்சா? சத்தியமூர்த்தி அவ்வளவு சொன்னாருல்ல?”

“மெதுவாப் பேசுடி. அவுக வந்ததே பெருசு. டயரு ஆகாதுன்னு சொல்லி, மறுபடியும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாகன்னா என்ன செய்யிறது? அந்தப் புள்ள மொகத்தப் பாரு.”

பார்த்தேன். பிர்தௌஸ் பெட்டியின் அடியில் கிடந்த பச்சைப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். வெங்காயம் உரிக்கிற வேலைக்குப் பட்டு! நான் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டில் மாப்பிள்ளையிடம் எதையும் மறுத்துச் சொல்லும் வழக்கமே கிடையாது. அவர் மேற்கே விடிகிறது என்றால், ஆமாம் என்று சொல்லிக் கட்டிலை அந்தப் பக்கம் திருப்பிப் போடுகிற ஆட்கள்.

சத்தியமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டேதான் பின்சக்கரங்களில் மாட்டிக் கொடுத்தாராம். ரிம் பற்றாமல் டயர் வயிறு பிதுங்கி நின்றது. வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டது, முன்பக்கம் குனிந்துகொண்டது. கம்ப்ரசரைக் கோத்ததும் அதன் மூக்கு வானத்தைப் பார்த்தது. தெருவில் சிரிக்காத ஆள் இல்லை. சாதிக் அலி மட்டும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

மறுநாள் கண்டரமாணிக்கம் பக்கம் ஒரு கிணற்றில் வேலை. மாப்பிள்ளையும் கூட வருகிறேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்னால் சின்னக்கருப்பு. பாறையில் துளை போடுகிறவர் அவர்தான். வண்டி மேட்டில் திணறினால் குதித்துப்போய்ச் சக்கரத்துக்கு அண்டக்கல் வைக்கிற வேலையும் அவருடையதுதான். நடந்ததை அப்புறம் அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

தார் ரோட்டில் வண்டி நன்றாகத்தான் போயிருக்கிறது. கண்மாய்க் கரையில் ஏறும்போது இழுவை பற்றவில்லை. முதல் கியரிலேயே இன்ஜின் முக்கி முக்கிப் பாதி மேட்டில் நின்றுவிட்டது. இவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன மச்சான், ஏற மாட்டேங்குது? டயரு சரியில்லையோ?” என்று கேட்டிருக்கிறார் சாதிக் அலி.

அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். “சேச்சே, டயருக்கென்ன!” என்று சொல்லிவிட்டு இந்த மனுஷன் நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டார். வண்டி ஒரு எட்டு எடுத்து வைத்தது. உள்ளே படீரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. உருள ஆரம்பித்த பெரிய சக்கரத்தை நிறுத்த அந்தப் பழைய பிரேக் பற்றவில்லை. சின்னக்கருப்பு கல்லோடு குதித்து ஓடினார். கல்லை வைத்து வண்டியை நிறுத்தியும் விட்டார். ஆனால் அதற்குள் கம்ப்ரசரின் சக்கரம் அவருடைய வலது காலில் ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, சாயங்காலம் எங்கள் வீட்டுக்குத்தான் தூக்கி வந்தார்கள். காலில் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. முன்கட்டில் பாய் விரித்துப் படுக்கவைத்தோம்.

“எப்படி ஆச்சு? எனக்கு ஒண்ணுமே வெளங்கலயே” என்று சாதிக் அலி அவரிடம் கேட்டார்.

சின்னக்கருப்பு என் வீட்டுக்காரர் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். “என் கவனக்கொறவுதான் மாப்ள பாய். கல்லு வழுக்கிருச்சு” என்றார்.

“ஆமா, ஆமா” என்று இவர் தலையாட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. காலையும் கொடுத்துவிட்டு, பழியையும் அந்த மனுஷனே வாங்கிக்கொள்கிறார். நாங்கள் வாங்கிக்கொள்ள விடுகிறோம்.

இருட்டுவதற்கு முன்பே மாப்பிள்ளைக்குச் சோறு வைத்தோம். அவர் மட்டும் தனியாக உட்கார்ந்தார். நான் கறியை அள்ளி அள்ளி வைத்தேன். பிர்தௌஸ் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் போகாமல் அங்கேயே நின்றாள்.

“கல்லு வழுக்கல” என்றாள்.

சாதிக் அலி நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க கொண்டாந்த டயரு அந்த வண்டிக்கு ஆகாது. எங்கண்ணனுக்குத் தெரியும், மதினிக்குத் தெரியும், டயர்க்கடைக்காரருக்குத் தெரியும். சொன்னா நீங்க என்னைய விட்டுட்டுப் போயிருவீகன்னு மாட்டுனாக. எனக்காக ஒருத்தர் கால ஒடிச்சுக்கிட்டுப் பொய்யும் சொல்றாரு. எனக்கு வேணாம் இது. போறதுன்னா போங்க.”

“பிர்தௌஸு!” என்று என் வீட்டுக்காரர் அலறினார். என் கையில் கரண்டி அப்படியே நின்றது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

“நெசமா மச்சான்?” என்றார் சாதிக் அலி.

இவர் தரையைப் பார்த்ததுமே சாதிக் அலிக்கு விளங்கிவிட்டது.

“அந்த விருந்தன்னைக்கி, ரெண்டு பேரும் கூட்டாத் தொழில் பண்ணுவோமான்னு ஒங்ககிட்டக் கேட்டேன். ‘தாராளமா மச்சான், எப்ப ஆரம்பிப்போம்’னீக. கைகழுவ வெளிய வந்தா, ‘இவருக்கு என்ன தெரியும், நம்மள முழுகடிச்சுருவாரு’ன்னு அங்குட்டு யார்கிட்டயோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தீக. முடியாதுன்னு மொகத்துக்கு நேரச் சொல்லியிருந்தா எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. சரிதான்னு தூங்கப் போயிருப்பேன்.”

மூன்று வருஷம்! மூன்று வருஷம் கறிக்குப் பழி சுமந்தேன் நான். இந்த வீட்டில் ஒருத்தர், ஒரே ஒருத்தர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமே! அந்த நேரத்தில் அதைச் சொல்லிச் சண்டை போட முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சாதிக் அலி பாதிச் சோற்றில் எழுந்தார். கையைக் கழுவினார். நேராக முன்கட்டுக்குப் போனார். கிளம்பிவிட்டார் என்றுதான் நினைத்தோம். பிர்தௌஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவர் சின்னக்கருப்பின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“நீங்களுமாய்யா எங்கிட்டப் பொய் சொல்லணும்?”

“தங்கச்சி வாழ்க்கையாச்சே மாப்ள பாய்” என்றார் சின்னக்கருப்பு.

சாதிக் அலி அந்தக் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே வந்து, என் வீட்டுக்காரரைத் தாண்டி, என்னைத் தாண்டி, பிர்தௌஸின் முன்னால் நின்றார்.

“எங்கூட வாரியா? இந்த வீட்ல எல்லாரும் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லாத. மனசுல உள்ளதச் சொல்லு.”

சொல்லிடு தாயே, சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடு என்று எனக்குள் ஒரே தவிப்பு. அவளோ அவசரப்படவில்லை.

“வர ஆசதான். ஆனா கோவம் எங்கண்ணன் மேல, தண்டன எனக்கு. மூணு வருஷம் ஏன்னு கேக்கக்கூட விடாம என்னையப் போட்டு வச்சிருந்தீக. அந்த ஆத்தாமை எனக்கு இன்னும் ஆறல. இன்னைக்கி நாளைக்கி ஆறாது. வந்தா அதோடதான் வருவேன்.”

அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை நாங்கள் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அதோடயே வா” என்றார் சாதிக் அலி.