சென்னையில் எடுத்த படம்

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் தன் உடம்பின் படத்தைப் பார்த்ததிலிருந்து காளியாயி யாரையும் நம்பவில்லை.

இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள் அவள். இருமலில் தொடங்கியது. உடம்பு இளைத்தது, கழுத்தோரம் ஒரு கட்டி வந்தது. நுவரெலியாவில் எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சில் நிழல் தெரிந்தது. சளியைச் சோதித்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. கண்டியில் கட்டிக்குள் ஊசி விட்டுப் பார்த்தும் தெளிவான பதில் வரவில்லை. புற்றுநோயாக இருக்கலாம் என்று அங்கிருந்த டாக்டர் மகள் வினோதாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். பெட் ஸ்கேன் எடுத்தால் உடம்பு முழுவதிலும் நோய் எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த மெஷின் நம் நாட்டில் இல்லை, சென்னையில் இருக்கிறது என்றார். கட்டாரில் வேலை செய்த மகன் திலக்ஷன் பயணத்துக்கு ஏற்பாடு செய்தான்.

"ஒரு கட்டியப் பாக்க கடல் தாண்டிப் போகணுமா? அப்ப என்னமோ பெரிசா இருக்கு. எங்கிட்ட மறைக்கிறீங்க" என்றாள் காளியாயி.

"தெரியாமத்தானேம்மா போறோம்" என்றாள் வினோதா.

அவளுக்கு இருபத்துநான்கு வயது. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், தாய்மார் மலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அம்மாவுக்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

சென்னையில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கவில்லை. சர்க்கரை அளவைப் பார்த்தார்கள். பிறகு ஒரு பையன் கனமான ஈயப் பெட்டியைத் தூக்கிவந்து வைக்க, நர்ஸ் அதற்குள்ளிருந்த ஊசியை எடுத்து அவள் கையில் ஏற்றினாள். ஏற்றி முடித்ததும் சட்டென்று விலகிப் போனாள். அந்த விலகலைக் காளியாயி கவனித்தாள். தனி அறையில், போர்வைக்குள், பேசாமல் அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். வினோதாவைக்கூட உள்ளே விடவில்லை. பிறகு ஒரு பெரிய வளையத்துக்குள் அவளை அனுப்பி எடுத்தார்கள். வெளியே வந்ததும், சாயந்திரம் வரை சின்னப் பிள்ளைகள் பக்கமும் கர்ப்பிணிகள் பக்கமும் போக வேண்டாம் என்றார்கள்.

"எனக்கு என்னத்த ஏத்துனாங்க?"

"சர்க்கரைதாம்மா. அதோட கொஞ்சூண்டு கதிர் மருந்து. தானா போயிருமாம்."

"சர்க்கரைக்கு ஈயப் பெட்டி எதுக்கு?"

வினோதா அவள் கையைப் பிடித்து வாசல் பக்கம் கூட்டிப்போனாள்.

மறுநாள் டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் காளியாயியின் உடம்பு நின்றது. நெஞ்சிலும் கழுத்திலும் அடுப்புத் தணல் போலப் புள்ளிகள் எரிந்துகொண்டிருந்தன. அவள் எண்ண ஆரம்பித்து, பயந்து நிறுத்தினாள்.

"எரியிற இடமெல்லாம் நோயா?"

"சந்தேகப்படுற இடம்மா. உடம்புல எந்த இடம் சர்க்கரையை அதிகமா இழுக்குதோ அது இப்படித் தெரியும். புற்றுநோய் இழுக்கும். வேற சிலதும் இழுக்கும். படத்தை மட்டும் வச்சு முடிவு சொல்ல முடியாது. கழுத்துக் கட்டியை எடுத்துச் சோதிக்கணும்."

கட்டியை எடுத்தார்கள். முடிவு வந்த அன்று காளியாயி தையல் போட்ட கழுத்தோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டரும் வினோதாவும் வெகுநேரம் பேசினார்கள். வினோதா வெளியே வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன.

"அம்மா, கான்சர் இல்ல. டீ.பீ.யாம். காசநோய். ஆறு மாசம் மாத்திர போட்டா சொகமாயிருமாம்."

காளியாயி மகளின் முகத்தையே பார்த்தாள்.

"அதுக்கு ஏன் அழுத?"

"சந்தோஷத்துல அழுதேன்மா."

காளியாயி தலையை ஆட்டினாள். ஒரு சொல்லைக்கூட அவள் நம்பவில்லை.

நம்பாததற்கு அவளுக்குக் காரணம் இருந்தது. புருஷன் செல்லசாமிக்கு வயிற்றில் புற்று என்று தெரிந்தபோது அவரிடம் வயிற்றுப்புண் என்று சொன்னவளே அவள்தான். மருந்து குடித்தால் ஆறிவிடும் என்றாள். சொல்லும்போது சிரிக்கவும் செய்தாள். அவர் கடைசி வாரம் வரை அதை நம்பி, சித்திரைக்கு நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். நோயாளியிடம் வீட்டார் எப்படிப் பேசுவார்கள், முகத்தை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

திரும்பி வந்த வழியெல்லாம் அவள் சந்தேகம் வளர்ந்தது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு அதிகாரி படம் இருந்த பெரிய உறையைத் திறந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் ஏதோ கேட்டார். வினோதா தாழ்ந்த குரலில் பதில் சொன்னாள். அவர் காளியாயியை ஒருமுறை பார்த்துவிட்டு உறையைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மனுஷனுக்கும் சொல்லிவிட்டாள், எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று நினைத்தாள் காளியாயி.

நுவரெலியா மார்பு நோய்ப் பிரிவில் மாத்திரை கொடுத்தார்கள். தினமும் காலையில் வினோதா முன்னால் விழுங்க வேண்டும் என்று ஏற்பாடு. காளியாயி வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். வினோதா வேலைக்குக் கிளம்பத் துணி மாற்றத் திரும்பியதும் மாத்திரைகளைக் கையில் துப்பி அடுப்புச் சாம்பலுக்குள் தள்ளிவிடுவாள். சாகிற நோய்க்குச் சத்து மாத்திரை கொடுத்து ஏமாற்றுகிறார்கள், வயிற்றைக் கெடுத்துக்கொள்வானேன் என்பது அவள் கணக்கு. ராத்திரியில் வியர்த்தது. இருமல் கூடியது. பார்த்தாயா, சொன்னது சரிதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

இதற்கிடையில் சுகாதாரப் பரிசோதகர் அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, வந்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்காவது இருமல் இருக்கிறதா என்று காம்பிரா காம்பிராவாக, ஒவ்வொரு ஒற்றை அறை வீடாக, கேட்டார். செய்தி மத்தியானத்துக்குள் மலைக்கு ஏறிவிட்டது. அடுத்த காம்பிராவில் இருந்த ராக்காயி, தினமும் சாயந்திரம் வந்து காளியாயியோடு தேத்தண்ணி குடிப்பவள், அன்று வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வாக்கா."

"இல்லடி, அடுப்புல சோறு கெடக்கு" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போனாள் ராக்காயி.

மறுநாள் பிள்ளை மடுவத்தில் இரண்டு தாய்மார் குழந்தைகளை விடாமல் இடுப்பில் வைத்துக்கொண்டே நின்றார்கள். அதற்கு அடுத்த நாள் ஆறு பேர். அவளையும் சோதித்து முடிவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று வினோதாவிடம் சொல்லிவிட்டார்கள். அவள் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல் கிளம்பி, டவுனில் கோயிலில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் திரும்புவாள்.

ஒரு சனிக்கிழமை, இருமல் குறையவில்லையே என்று வினோதா அம்மாவைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்தவரைத் தோட்டத்தில் எல்லாரும் டாக்டரய்யா என்பார்கள். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார்.

"மாத்திர ஒழுங்கா போடுறீங்களா?"

"போடுறேங்க."

"மூத்திரம் செவப்பா போகுதா?"

இதுவும் புற்றைப் பற்றிய கேள்விதான் என்று காளியாயி எண்ணினாள். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லங்க. தண்ணி மாதிரி சுத்தமா போகுது."

அவர் குழாயைக் கழற்றி மேசையில் வைத்தார். "இந்த மாத்திர உள்ள போனா மூத்திரம் செவந்துதான் போகும். போகலன்னா மாத்திர உள்ள போகல."

வினோதா அம்மாவைப் பார்த்தாள். காளியாயி சுவரைப் பார்த்தாள்.

காம்பிராவுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் வினோதா கேட்டாள்.

"என்னா செஞ்சீங்க?"

"சாம்பல்ல போட்டேன்."

"ஏன்?"

"நீ ஒங்கப்பாகிட்ட நான் பேசின மாதிரியே பேசுற. அந்தப் படத்த நான் என் கண்ணால பாத்தேன். எரிஞ்சிச்சு. அதெல்லாம் இருமல் வியாதியா? எனக்குக் கான்சர்னு சொல்லிட்டுப் போ. நான் தாங்கிக்குவேன்."

வினோதா உட்கார்ந்துவிட்டாள். பேச ஆரம்பித்தபோது அவள் குரல் உயரவில்லை.

"நான் வேலைக்குப் போயி ரெண்டு வாரமாச்சும்மா. பிள்ளைகளத் தொடக்கூடாதுன்னு நிப்பாட்டிட்டாங்க. பைப்புல தண்ணி புடிக்கப் போனா எல்லாரும் ஒதுங்குறாங்க. எனக்கும் சளி எடுத்துருக்காங்க, எக்ஸ்ரே எடுத்துருக்காங்க. பொய் சொல்லணும்னா நான் இந்தப் பொய்யயா சொல்லுவேன்? கான்சர்னு சொல்லியிருந்தா இந்த லயமே பழம் வாங்கிட்டு வந்து ஒங்களச் சுத்தி ஒக்காந்துருக்கும்."

செல்லசாமி கிடந்தபோது வீடு கொள்ளாமல் ஆட்கள் வந்ததும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசியதும் காளியாயிக்கு நினைவு வந்தது. ராக்காயி வாயை மூடிக்கொண்டு போனதை இப்போது வேறு விதமாக யோசித்தாள். ஒரு தாயைத் தேற்றுவதற்காக எந்த மகளும் இப்படி ஒரு அவமானத்தைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டாள்.

"ரெண்டு வாரம் எங்கடி போன?"

"கோயிலுக்கு."

"சாப்பிட்டியா?"

வினோதா அழுதாள். காளியாயி எழுந்து சட்டியில் இருந்த ரொட்டியை எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்தாள். பிறகு மாத்திரை அட்டையைத் தானே எடுத்து, அன்றைய மாத்திரைகளைப் பிரித்து, மகள் பார்க்க ஒவ்வொன்றாக விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள்.

அடுத்த வாரம் நுவரெலியாவில் நடந்ததைச் சொன்னபோது திட்டு விழுந்தது. மருந்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை சிறுநீர் சிவந்தது. முதல் நாள் அதைக் கண்டு பயந்தும் போனாள், தேறியும் போனாள். சில வாரத்தில் வியர்வை நின்றது. சோறு இறங்கியது. வினோதாவின் சோதனைகளில் ஒன்றும் இல்லை என்று வந்து, மடுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆறு பேரில் ஒருத்தி மட்டும் கடைசி வரை தன் பிள்ளையை அங்கே அனுப்பவில்லை.

மருந்து முடியும் தறுவாயில் காளியாயி மறுபடி கொழுந்துக் கூடையைத் தூக்கினாள். ராக்காயியும் பழையபடி தேத்தண்ணிக்கு வரத் தொடங்கினாள். தன் கிளாஸை மட்டும் கையோடு கொண்டுவருவாள். காளியாயி அதிலேயே ஊற்றிக் கொடுப்பாள்.

ஒரு நாள் விடியற்காலை, இரண்டு காம்பிராவுக்கும் நடுவே இருந்த பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. நின்றது. துணியை வாயில் அழுத்திக்கொண்டு இருமுவது போல மறுபடியும் கேட்டது. காளியாயி எழுந்து போய்க் கதவைத் தட்டினாள்.

"எத்தன நாளா இருமுற?"

"குளிருடி. சும்மா தொண்டையில கரகரப்பு" என்றாள் ராக்காயி, கதவை அரைவாசி மட்டும் திறந்து.

"ராத்திரி வேர்க்குதா?"

ராக்காயி முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "இந்தக் குளிர்ல யாருக்கு வேர்க்கும்?" என்றாள் பிறகு.

காளியாயி அவள் ரவிக்கையின் தளர்ச்சியைப் பார்த்தாள், கழுத்து எலும்பைப் பார்த்தாள்.

"சீலைய மாத்திக்கிட்டு வா. டாக்டரய்யாகிட்டப் போவோம்."

"இன்னைக்குப் பேரு விழணும்டி. மலைக்குப் போகலன்னா ஒருநாள் சம்பளம் போயிரும்."

"எனக்குந்தான் விழணும்" என்று சொல்லிவிட்டு, அவள் வெளியே வரும்வரை காளியாயி வாசலிலேயே நின்றாள்.