இடது ஏழு, வலது ஐந்து

பதினான்கு வருடம் அவள் ஒரு பெரிய காலணி நிறுவனத்தில் வேலை பார்த்தாள். எந்த அளவில் எத்தனை ஜோடி தயாரிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் பிரிவு அது. கடைசி நான்கு வருடம் அந்தப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. தனியாக ஒரு கண்ணாடி அறை, கதவில் பதவிப் பெயர், என்ன கேட்டாலும் ஓடிவர ஒன்பது பேர்.

கடைகளிலிருந்து திரும்பி வந்த ஜோடிகளின் பட்டியல் மாதாமாதம் அவள் மேசைக்கு வரும். நிறம் பிடிக்கவில்லை, தையல் விட்டுவிட்டது, அளவு தவறு என்று காரணங்கள் வரிசையாக இருக்கும். கடைசி வரியில் ‘மற்றவை’. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஒரு மதியம் கூட்டம் ஒன்று தள்ளிப்போய் ஒரு மணி நேரம் சும்மா கிடைத்தபோது அவள் திறந்தாள்.

‘வலது சரியாக இருக்கிறது, இடது கடிக்கிறது. என் கால்கள் பிறவியிலேயே ஒரே அளவு இல்லை.’ ‘எனக்கு இருப்பது ஒரு கால். ஒன்றை மட்டும் தருவீர்களா?’ ‘ஒவ்வொரு தடவையும் இரண்டு ஜோடி வாங்கி, இரண்டு ஷூவைக் குப்பையில் போடுகிறேன். போடும்போது என்னையே போடுவது மாதிரி இருக்கிறது.’ இப்படி நூற்றுக்கணக்கில் இருந்தன.

அன்று அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. மேலதிகாரியிடம் போய், இடதையும் வலதையும் தனித்தனி அளவில் விற்கலாம் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்களுக்கு நல்ல மனசு. ஆனா நம்ம பெட்டியில ரெண்டு ஷூ இருக்கும், ரெண்டும் ஒரே அளவு இருக்கும். அவ்வளவுதான் நம்ம வியாபாரம்” என்றார். இரண்டு வருடத்தில் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அதே பதில், கடைசித் தடவை கொஞ்சம் கடுகடுப்போடு. அடுத்த மாதம் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள்.

கணவர் பள்ளியில் கணக்கு ஆசிரியர். இரண்டு நாள் யோசித்துவிட்டு, “நீ ஆரம்பி. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். தினம் சாயங்காலம் வந்து ‘நான் செஞ்சது சரியா’ன்னு என்னைக் கேட்காதே. சத்தியமா எனக்குத் தெரியாது” என்றார்.

கணவரின் தங்கைக்கு இது நல்ல வேடிக்கையாகப் போயிற்று. “ஒத்தைச் செருப்பு விக்கணும்னு அண்ணி ஒத்தைக்கால்ல நிக்கிறாங்க!” என்று சாப்பாட்டு மேசையில் போட்டு உடைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், நன்றாகத்தான் இருந்தது.

ஒரு சலவைக் கடைக்கு மேலே அறை கிடைத்தது. கீழே இஸ்திரி ஓடும்போது தரை வெதுவெதுப்பாக இருக்கும், சோப்பு வாடை படியேறி வரும். இடது சுவரில் இடது ஷூக்கள், வலது சுவரில் வலது ஷூக்கள் என்று அலமாரி அடித்தாள். ஊர்க்கோடியில் சின்னதாகப் பட்டறை வைத்திருந்த ஒருவர், தனித்தனி அளவில் தைத்துத் தர ஒப்புக்கொண்டார். அதிகம் பேசாத மனிதர். அவளுக்கு அவர் ‘அண்ணா’ ஆனார்.

முதல் நான்கு மாதம் யாரும் வரவில்லை என்றே சொல்லலாம். வந்தவர்களும் சலவைக் கடைக்கு வழி கேட்டு வந்தவர்கள். அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நாற்பது கேள்வி வரும், இங்கே அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வெறுமை என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு, நோட்டைத் திறந்து வைத்து, பழைய அலுவலகக் கூட்டங்களில் சொல்வது போல “முதல் விஷயம்” என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது விஷயம் வரவில்லை. தானே சிரித்துவிட்டு, நோட்டை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

அன்றிலிருந்து மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கினாள். வரவேற்பறைகளில் ‘எந்தக் கம்பெனி?’ என்று கேட்பார்கள். முன்பு அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாற்காலி வரும். இப்போது ஐந்து நிமிடம் விளக்க வேண்டியிருந்தது, அதுவும் நின்றுகொண்டே. பதினேழாவது இடத்தில் இயன்முறை சிகிச்சை செய்யும் ஒரு பெண் மட்டும் அவளை உட்காரச் சொன்னாள். “இப்படி ஒருத்தர் வரமாட்டாங்களான்னு எத்தனை நாளா பார்த்துக்கிட்டிருக்கேன், தெரியுமா?” என்றாள். ஒரே வாரத்தில் முப்பத்தொரு பேரின் பாத அளவு காகிதத்தில் வரைந்து வந்து சேர்ந்தது.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டே வாரத்தில் தருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பதினான்காம் நாள் காலை பட்டறைக்குப் போனபோது, கடைசிப் பத்து ஜோடியின் அடிப்பகுதி முந்தின மாலைதான் ஒட்டப்பட்டிருந்தது.

“இன்னும் ரெண்டு நாள் காயணும்மா. ஈரக்காத்து அடிக்குது, பசை சீக்கிரம் பிடிக்காது.”

“சொன்ன தேதின்னு ஒண்ணு இருக்கு அண்ணா. முதல் ஆர்டர். இன்னைக்கே போகணும்.”

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பெட்டிகளை எடுத்து அடுக்கினார்.

மூன்றாம் வாரம் மழை பிடித்தது. ஐந்து நாள் விடாமல் பெய்தது. ஆறாம் நாள் சிகிச்சைப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. ஷூக்களின் அடி வாய் பிளக்கிறது. ஒருவர் படிக்கட்டில் விழுந்துவிட்டார்.

விழுந்தவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். பழைய விபத்து ஒன்றில் வலது பாதத்தின் முன்பகுதியை இழந்தவர். இடது ஏழு, வலது ஐந்து. முழங்கையில் கட்டோடு கதவைத் திறந்தார். அவள் யாரென்று தெரிந்ததும் உள்ளே கூப்பிடவில்லை.

“ஏம்மா, பெரிய வேலையை விட்டுட்டு வந்தீங்களாமே. தொழில் கத்துக்க எங்க கால்தான் கிடைச்சுதா?”

வழியெல்லாம் அவள் நாலைந்து பதில் யோசித்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டாள்.

“என் தப்புதான் சார். பசை காயலைன்னு தைச்சவர் சொன்னார். தேதி முக்கியம்னு நான்தான் அவசரப்படுத்தினேன்.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய் வாய் பிளந்த ஷூவைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மீதி முப்பது பேர் வீட்டுக்கும் அவளே போனாள். அடி விட்டுப்போகாத ஷூக்களையும் திருப்பி வாங்கிக்கொண்டு, புதிதாகச் செய்து தருவதாகச் சொன்னாள். சிலர் திட்டினார்கள். சிலர் ‘பரவாயில்லம்மா’ என்றார்கள், அது திட்டை விட அதிகமாக வலித்தது. ஒரு அம்மாள் கொடுக்க மாட்டேன் என்று ஷூவை மடியில் வைத்துக்கொண்டாள். “அடி போனா போகட்டும். அறுபது வயசுல முதல் தடவையா ரெண்டு காலும் ஒரே மாதிரி தெரியுது” என்றாள். அவளிடம் மட்டும் அரை மணி நேரம் கெஞ்ச வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்த கணவரிடம், கேட்கக்கூடாது என்று சொன்ன கேள்வியைக் கேட்டாள். “நான் செஞ்சது சரியா?”

அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தார். “சரியா தப்பான்னு இப்பவும் தெரியல. ஆனா முப்பத்தோரு வீட்டு வாசல் ஏறி இறங்கியிருக்க. பிடிக்காத வேலைக்கு யாரும் அத்தனை வாசல் ஏறமாட்டாங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “கையில இருந்த பணம் தீர்ந்துபோச்சுன்னா கடையை மூடணும்னு அவசியமில்ல. வேற வழி யோசி.”

அவள் யோசித்த வழி யாருக்கும் பிடிக்கவில்லை, அவளுக்கே பிடிக்கவில்லை. பழைய நிறுவனத்துக்குப் போன் செய்து, வாரத்தில் மூன்று நாள் ஒப்பந்த வேலை கிடைக்குமா என்று கேட்டாள். கிடைத்தது. அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பையன் இப்போது அந்தக் கண்ணாடி அறையில் இருந்தான். அவளுக்கு வெளியே, அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை. பார்வையாளர்களுக்குத் தரும் தற்காலிக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதல் நாள் உள்ளே நுழைந்தபோது, வாசல் காவலாளி பழக்க தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தார்.

கண்ணாடி அறைக்காரன் அவளைவிட அதிகமாகச் சங்கடப்பட்டான். “மேடம், நீங்க இங்க... எனக்கு உங்ககிட்ட வேலை சொல்லவே வாய் வரமாட்டேங்குது.”

“சொல்லுப்பா. தெளிவா சொல்லு, தேதி போட்டுச் சொல்லு. நான் சொல்லிக் கொடுத்ததுதானே?” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் எளிதாகப் போயிற்று.

‘திரும்பிப் போயிட்டாளாம்’ என்று உறவு முழுக்கப் பேச்சு. நாத்தனார் நேரிலேயே கேட்டாள். “அண்ணி, அப்ப கடை?”

“வியாழன், வெள்ளி, சனி திறந்திருக்கு. வா, அளவெடுக்கறேன்.”



பட்டறைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். இனி தேதி சொல்வது அவர் பொறுப்பு என்றாள். அவர் ஒட்டியதோடு விடாமல் விளிம்பைச் சுற்றித் தையலும் போட ஆரம்பித்தார். முதலில் தயாரான ஜோடியை எடுத்துக்கொண்டு அவள் நேராக ஓட்டுநர் வீட்டுக்குப் போனாள்.

“இதை நீங்க போட்டு நடந்து பார்த்து, என்ன குறைன்னு சொல்லணும் சார். நீங்க சரின்னு சொல்றவரைக்கும் மத்தவங்களுக்குக் கொடுக்கறதா இல்ல.”

“நான் சரின்னு சொல்லவே மாட்டேனே?”

“அப்ப செஞ்சுக்கிட்டே இருக்கேன்.”

முப்பது வருடம் பேருந்து ஓட்டியவருக்கு வண்டியின் ஒவ்வொரு முனகலும் காதில் விழும். ஷூவையும் அப்படித்தான் பார்த்தார். குதிகாலில் உரசுகிறது, வலது முனையில் அடைத்த பஞ்சு ஒரு மைல் தாண்டினால் நகர்கிறது, ஈரத்தில் ‘கீச்’சென்று சத்தம் போடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வேண்டுமென்றே மழைத் தண்ணீரில் நடந்தார். நான்கு ஜோடி திருப்பி அனுப்பினார். ஐந்தாவது ஜோடியைப் பற்றி மூன்று வாரம் எந்தப் புகாரும் வராததால் அவள் பயந்துபோய் வீட்டுக்கே போனாள். அவர் இல்லை.

“வெளியூர்ல தம்பி வீட்டுக்குப் போயிருக்கார்” என்றாள் அவர் மனைவி. “விபத்துக்கப்புறம் தனியா எங்கயும் போனதில்ல. ஷூவை மாட்டினார், கிளம்பிட்டார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல!” புகார் மாதிரிதான் சொன்னாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

அவள் வெளியே வந்து, தெருமுனையில் நின்று, சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு பட்டறைக்குப் போன் செய்து, “அண்ணா, மீதி முப்பதையும் ஆரம்பிக்கலாம்” என்றாள்.

அதன் பிறகு ஒரே ராத்திரியில் எதுவும் மாறிவிடவில்லை. முப்பத்தொரு பேர் முப்பத்தொரு பேரிடம் சொன்னார்கள். சிகிச்சைப் பெண் தன்னோடு படித்த நாலைந்து பேருக்கு எழுதினாள். வேறு ஊர்களிலிருந்து காகிதத்தில் வரைந்த பாதங்கள் உறைகளில் வர ஆரம்பித்தன. மூன்று நாள் அங்கே, மூன்று நாள் இங்கே என்று ஒன்றரை வருடம் ஓடியது. இரண்டு இடத்திலும் முழுதாக இல்லை என்ற உறுத்தலும் கூடவே ஓடியது. பாதியில் ஒரு முறை அந்த மூன்று நாளை ஆறு நாளாக்கித் தருகிறோம் என்று நிறுவனம் கேட்டது. ஒரு வாரம் தூக்கம் கெட்டு யோசித்துவிட்டு, வேண்டாம் என்றாள்.

ஒரு நாள் கண்ணாடி அறைக் கதவைத் தட்டிக் கடிதத்தை நீட்டினாள். அவன் வாங்கிப் படித்தான்.

“ரெண்டாவது தடவை ராஜினாமா பண்றீங்க மேடம். எங்க ஆபீஸ்ல இது ஒரு சாதனை.”

“முதல் தடவை கோபத்துல போனேன்ப்பா” என்றாள். “இப்ப வேலை இருக்கு, அதனால போறேன்.”

அவன் எழுந்து லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தான். கதவு திறந்தபோது, தயங்கித் தயங்கி ஒரு காகிதத்தை எடுத்தான். அதில் பென்சிலால் வரைந்த இரண்டு பாதங்கள் இருந்தன, ஒன்று கொஞ்சம் சிறியது.

“என் மாமனாருக்கு. எப்ப கிடைக்கும் மேடம்?”

“தைக்கிறவரைக் கேட்டுச் சொல்றேன்” என்று சொல்லி, காகிதத்தை மடிக்காமல் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.